மாஃப் ஆய்வில் நுழைபவருக்கு: முதல் படிகத்திலிருந்து முதல் சி.ஐ.எஃப் கோப்பு (கண்டறிந்த படிகக் கட்டமைப்பைப் பதியும் கோப்பு) வரை

உலோக அயனிகளைக் கணுக்களாகவும் கரிம மூலக்கூறுகளை அவற்றை இணைக்கும் கைகளாகவும் வைத்து, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டப்படும் திண்மங்கள்தான் உலோக-கரிமச் சட்டகங்கள். ஆய்வகப் பேச்சில் மாஃப். 1989-ல் ரிச்சர்ட் ராப்சன், நான்கு கைகள் கொண்ட நைட்ரைல் மூலக்கூறையும் காப்பர் அயனியையும் கோத்து வைரத்தின் அடுக்கமைப்பில் ஒரு சட்டகம் செய்தார். 1997-ல் சுசுமு கிடகாவாவின் குழு, இப்படிப்பட்ட சட்டகம் உடையாமல் வாயுவை உள்ளே வாங்கித் திரும்ப விடும் என்று காட்டியது. 1999-ல் ஓமர் யாகியின் குழு மாஃப்-5-ஐ வெளியிட்டது. மூவரும் 2025-ன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இத்துறைக்குச் சிலர் தொகுப்பு வேதியியல் பக்கமிருந்து வருவார்கள், சிலர் படிகவியல் பக்கமிருந்து. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் முதல் நாளே மனதில் பதிய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 0.2 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு படிகத்தின் எடை சுமார் 7 மைக்ரோகிராம். ஒரு கிராம் பொடியில் அதுபோல் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கும். கட்டமைப்பைக் கண்டறிவது அந்த ஒன்றை வைத்து; வாயுவை எவ்வளவு பிடிக்கிறது என்று அளப்பதோ மற்ற எல்லாவற்றையும் சேர்த்து. அந்த ஒன்றும் மற்றவையும் ஒரே பொருள்தானா? இந்தத் துறையில் திரும்பப் பெறப்பட்ட, திருத்தப்பட்ட பல முடிவுகள் இந்தக் கேள்வியைக் கேட்க மறந்ததால் வந்தவை. கீழே உள்ள ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு வகையில் அதற்கான பதில்தான்.

பயிற்சிப் பொருளாக எச்.கே.யு.எஸ்.டி-1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1999-ல் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்து, அதன் பெயரையே தாங்கி நிற்கும் காப்பர் சட்டகம். மலிவான மூலப்பொருள், நன்கு தெரிந்த கட்டமைப்பு, தவறு நடந்தால் நிறமே காட்டிக்கொடுக்கும். புதிய சேர்மம் கண்டுபிடிக்கும் ஆசையில் இதைத் தாண்டிப் போகிறவர்கள், பிறகு எது கருவியின் பிழை, எது பொருளின் குணம் என்று பிரித்தறிய முடியாமல் தவிப்பார்கள்.

படி 1: தயாரிப்பு

டிரைமெசிக் அமிலம் என்ற 1,3,5-பென்சீன் டிரைகார்பாக்சிலிக் அமிலம் 0.5 கிராம், காப்பர் நைட்ரேட் டிரைஹைட்ரேட் 1.0 கிராம். டி.எம்.எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு என்ற கரைப்பான்), எத்தனால், நீர் மூன்றும் தலா 8 மி.லி. அமிலத்தை டி.எம்.எஃப்-எத்தனால் கலவையிலும் உப்பை நீரிலும் தனித்தனியே முழுதாகக் கரைத்த பிறகே ஒன்றாகச் சேர்க்க வேண்டும். கரையாத அமிலத் துணுக்கு ஒன்று இருந்தாலும் அதன்மேல் நூறு படிகக் கருக்கள் ஒரே நேரத்தில் தோன்றும், கிடைப்பது பொடிதான். டெஃப்லான் உறையிட்ட மூடி உள்ள கெட்டிக் கண்ணாடிக் குப்பியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல் இறுக மூடி, 85 °செ. அடுப்பில் 20 மணி நேரம் வையுங்கள். அடுப்பின் முகப்பு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். குப்பி நிற்கும் அதே இடத்தில் ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள். மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் பல டிகிரி வேறுபாடு இருப்பது சாதாரணம்.

பாதுகாப்பு பற்றி இரண்டே சொற்கள். டி.எம்.எஃப் தோல் வழியாகவும் உள்ளே போகும், கருவுக்குத் தீங்கு செய்யும். கையுறையும், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டும் கட்டாயம். நைட்ரேட்டையும் ஆல்கஹாலையும் மூடிய கலத்தில் சூடாக்குகிறோம் என்பதால் அளவை ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்று திடீரெனக் கூட்டக் கூடாது. நைட்ரேட்டுக்குப் பதில் பெர்குளோரேட் உப்பை எடுக்கவே எடுக்காதீர்கள். உலர்ந்த உலோக-கரிமப் பெர்குளோரேட்டுகள் வெடிக்கும்.

நல்ல விளைபொருள் பசுநீலம், எண்முகப் படிகங்கள். செம்பழுப்புத் துகள்கள் தென்பட்டால் காப்பர்(I) ஆக்சைடு உருவாகியிருக்கிறது. வெப்பநிலை அதிகம், அல்லது நேரம் அதிகம். வெறும் நீலப் பொடியாகவே வந்தால் வினை மிக வேகமாக நடந்திருக்கிறது. அடுத்த தொகுப்பில் சில துளி அசிட்டிக் அமிலம் சேருங்கள். அது உலோகத்தைப் பிடிக்க டிரைமெசிக் அமிலத்தோடு போட்டியிட்டு, படிகக் கருக்கள் தோன்றுவதைத் தாமதப்படுத்தும். கருக்கள் குறைந்தால் ஒவ்வொன்றும் பெரிதாக வளரும்.

படி 2: நுண்ணோக்கி

படிகங்களை வடிகட்டி உலர்த்தி எடுத்துவர வேண்டாம். தாய்க்கரைசலோடு ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டுப் பாருங்கள். துளைகளில் இருக்கும் கரைப்பான்தான் படிகத்தை முழுதாக வைத்திருக்கிறது. காற்றில் சில நிமிடம் கிடந்தாலே பல சட்டகங்கள் மங்கி, விரிசல் விட்டு, எக்ஸ் கதிருக்குப் பயன்படாமல் போகும்.

குறுக்கு முனைவாக்கிகளுக்கு (ஒளியின் அதிர்வை ஒரே தளத்துக்கு வடிகட்டும், ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரு வடிகட்டிகளுக்கு) இடையே படிகத்தைச் சுழற்றினால், நல்ல ஒற்றைப் படிகம் 90 டிகிரிக்கு ஒருமுறை முழுவதும் ஒரே கணத்தில் இருளும். ஒரு பாதி இருண்டு மறுபாதி ஒளிர்ந்தால் அது இரட்டைப் படிகம், அல்லது ஒட்டிக்கொண்ட இரண்டு. இந்த விதியைக் கற்றுக்கொண்ட கையோடு எச்.கே.யு.எஸ்.டி-1-ஐப் பார்ப்பவர்கள் குழம்புவார்கள், ஏனென்றால் அது எப்படித் திருப்பினாலும் இருண்டே கிடக்கும். கனசதுரப் படிகங்கள் எல்லாமே அப்படித்தான். எத்திசையிலும் ஒளிவிலகல் எண் ஒன்றே. ஆகவே இங்கே விளிம்பின் கூர்மையையும் முகத்தின் தெளிவையும் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதையே சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். பளிச்சென்று ஒளிரும் படிகம் ஏதாவது கிடந்தால் அது வேறொரு சேர்மம். எத்தனை அப்படி ஒளிர்கின்றன என்று எண்ணிக் குறித்துவையுங்கள். தூய்மை பற்றிய முதல் தகவல் அதுதான்.

படி 3: படிகத்தை ஏற்றுதல்

கையால் கற்க வேண்டிய வேலை, எழுத்தில் முழுதாக வராது. ஆனாலும் வரிசை முக்கியம். பெர்ஃபுளூரோபாலிஈதர் எண்ணெய் ஒரு துளியைத் தாய்க்கரைசல் துளிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். 0.1 முதல் 0.3 மி.மீ. வரையுள்ள ஒரு படிகத்தை ஊசி முனையால் எண்ணெய்க்குள் இழுங்கள். அங்கே நிறுத்தாமல் எண்ணெய்க்குள்ளேயே இரண்டு மூன்று முறை இழுத்து, ஒட்டியிருக்கும் கரைசலை உதற வேண்டும். அந்தக் கரைசல்தான் உறைந்து பனிக்கட்டியாகி எக்ஸ் கதிர் சிதறல் படங்களில் வளையங்களாக வரும். படிகத்தைவிடச் சற்றே பெரிய நைலான் வளையத்தால் அள்ளி, மிகுதி எண்ணெயைத் தகட்டின் மேல் தொட்டு வழித்துவிட்டு, 100 கெல்வின் நைட்ரஜன் தாரைக்குள் ஒரே அசைவில் வையுங்கள். எண்ணெய் அதிகமானால் அதுவே எக்ஸ் கதிரைச் சிதறடித்துப் பின்னணியை உயர்த்தும்.

3.90, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரின் கோடியில் ஒரு பங்கு) இடைவெளிகளில் வளையம் தெரிந்தால் அது பனி. தாரை முனையின் தூரத்தையும் சீரமைப்பையும் பாருங்கள், அறையின் ஈரப்பதத்தையும். படிகமே வெடித்து, புள்ளிகள் நீண்டு பிளந்தால் திடீர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. வேறொரு படிகத்தை 200 அல்லது 250 கெல்வினில் முயலுங்கள். நெகிழும் சட்டகங்களில் குளிரும்போது கட்டமைப்பே மாறிவிடுவதும் உண்டு.

படி 4: தரவு சேகரிப்பு

முழுத் தரவுக்குப் போகும் முன் முதல் சில படங்களை வைத்து அலகுக்கூட்டை, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் அடிப்படைப் பெட்டியை, கண்டுபிடியுங்கள். எச்.கே.யு.எஸ்.டி-1-க்குக் கனசதுர அலகுக்கூடு, பக்கம் 26.3 ஆங்ஸ்ட்ராம். மென்பொருள் 18.6 ஆங்ஸ்ட்ராம், கோணங்கள் எல்லாம் 60 டிகிரி என்று காட்டினால் பதற வேண்டாம். முகமைய அணிக்கோவையின் (முகங்களின் நடுவிலும் புள்ளிகள் உள்ள அடுக்கின்) மிகச்சிறிய வடிவம் அது, 26.3-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அதே எண் வரும். இப்படிக் கிடைத்த அளவுகளைக் கேம்பிரிட்ஜ் கட்டமைப்புத் தரவுத்தளத்தில் தேடிய பிறகே தொடருங்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டமைப்புகள் அங்கே உண்டு. கையில் இருப்பது திரும்பப் படிகமான மூலப்பொருளோ, டி.எம்.எஃப் சிதைந்து உருவான உலோக ஃபார்மேட்டோ என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காமல் ஒரு முழு இரவுக் கருவி நேரத்தை இழப்பது மிகவும் வருத்தமான விஷயம்.

தரவின் பிரிதிறன் 0.84 ஆங்ஸ்ட்ராம் வரை போக வேண்டும் என்பது பொது எதிர்பார்ப்பு. மாலிப்டினம் இலக்கிலிருந்து வரும் எக்ஸ் கதிரில் அது 2 தீட்டா என்ற சிதறல் கோணம் 50 டிகிரி, காப்பர் இலக்கின் கதிரில் 133 டிகிரி. பெரிய துளையுள்ள சட்டகங்கள் அவ்வளவு தூரம் சிதறடிப்பதில்லை, 0.9 அல்லது 1.0-லேயே புள்ளிகள் மங்கிவிடலாம். பலவீனமான படிகத்துக்குக் காப்பர் கதிர் கைகொடுக்கும். ஆனால் கோபால்ட், இரும்புச் சட்டகங்களுக்கு அதைத் தவிருங்கள். காப்பர் கதிரின் (கே-ஆல்ஃபா) ஆற்றல் அவ்விரண்டின் உறிஞ்சு விளிம்புக்கும், அதாவது கதிரை வலுவாக உறிஞ்சத் தொடங்கும் ஆற்றலுக்கும், சற்று மேலே இருப்பதால் அவை ஒளிர்ந்து பின்னணியை நிரப்பும். நிக்கலுக்கும் காப்பருக்கும் அந்தத் தொல்லை இல்லை.

படி 5: தீர்வும் செம்மையாக்கலும்

கட்டமைப்பைத் தீர்க்கும் மென்பொருளான ஷெல்எக்ஸ்டி பெரும்பாலும் உலோகத்தையும் அதைச் சுற்றிய ஆக்சிஜன்களையும் சில நொடியில் காட்டிவிடும். அங்கிருந்து செம்மையாக்கும் மென்பொருளான ஷெல்எக்ஸ்எல்லில், ஓலெக்ஸ்2 என்ற முகப்பு வழியாகவோ நேரடியாகவோ, இந்த வரிசையில் போங்கள்: முதலில் உலோகம், பிறகு சட்டகத்தின் கார்பன், ஆக்சிஜன், நைட்ரஜன், அவை அமைதியான பின் திசைசார் அதிர்வுக் கூறுகள் (அணு எத்திசையில் எவ்வளவு அதிர்கிறது என்பவை), பிறகு கணக்கிட்டு வைக்கும் ஹைட்ரஜன்கள், கடைசியில்தான் துளைக்குள் இருக்கும் கரைப்பான். தலைகீழாகப் போனால் சட்டகத்தின் பிழையை மறைக்கக் கரைப்பான் அணுக்கள் முளைத்துக்கொண்டே இருக்கும்.

மாதிரிக்கும் தரவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் ஆர்1 என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து மகிழ்வதற்கு முன் தூரங்களைப் பாருங்கள். எச்.கே.யு.எஸ்.டி-1-ல் இரண்டு காப்பர் அணுக்களை நான்கு கார்பாக்சிலேட்டுகள் துடுப்புச் சக்கரம்போல் சுற்றி நிற்கும். காப்பருக்கும் காப்பருக்கும் இடையே சுமார் 2.63 ஆங்ஸ்ட்ராம், காப்பருக்கும் கார்பாக்சிலேட் ஆக்சிஜனுக்கும் சுமார் 1.95, அச்சில் இருக்கும் நீருக்குச் சுமார் 2.2. அந்த நீர்ப் பிணைப்பு நீண்டிருப்பது பிழையல்ல, காப்பர்(II)-ன் இயல்பு. இந்த எண்களிலிருந்து விலகினால் ஆர்1 எவ்வளவு அழகாக இருந்தாலும் மாதிரி தவறு.

அணுவின் அதிர்வைப் படமாகக் காட்டும் அதிர்வு நீள்வட்டங்கள் பேசும் மொழியையும் கற்றுக்கொள்ளுங்கள். ஓர் அணு மட்டும் ஊதிப் பெரிதாக இருந்தால் அங்கே நீங்கள் வைத்திருப்பதைவிட இலேசான தனிமம், அல்லது அந்த இடம் முழுதாக நிரம்பவில்லை. புள்ளியாகச் சுருங்கினால் கனமான தனிமம். சுருட்டுபோல் நீண்டால் அணு இரண்டு இடங்களில் இருக்கிறது. பிரித்து மாதிரியாக்க வேண்டும். ஆனால் எக்ஸ் கதிருக்கும் எல்லை உண்டு. காப்பருக்கும் துத்தநாகத்துக்கும் இடையே ஓர் எலக்ட்ரான்தான் வேறுபாடு. இரு உலோகம் கலந்த சட்டகம் என்று சொல்ல வேண்டுமானால் தனிமப் பகுப்பாய்வு கட்டாயம் வேண்டும்.

படி 6: துளைக்குள் இருப்பது என்ன?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஒழுங்கற்றுக் கிடக்கும் கரைப்பானை மாதிரியாக்க முடியாதபோது பிளாட்டன் மென்பொருளின் ஸ்க்வீஸ், அல்லது ஓலெக்ஸ்2-ன் கரைப்பான் மறைப்பு, அந்த எலக்ட்ரான் அடர்த்தியைக் கணக்கிட்டு ஒதுக்கிவைக்கும். ஆர்1 சட்டென்று இறங்கும். அதனாலேயே இதை முதல் ஆயுதமாக எடுக்கும் பழக்கம் வந்துவிட்டது. அது கடைசி ஆயுதமாக இருக்க வேண்டும்.

மறைத்த பிறகு மென்பொருள் தரும் எலக்ட்ரான் எண்ணிக்கையை வெறுமனே அறிக்கையில் ஒட்டாதீர்கள், கணக்குப் பாருங்கள். டி.எம்.எஃப்-க்கு 40 எலக்ட்ரான், எத்தனாலுக்கு 26, நீருக்கு 10. ஒரு வாய்பாட்டு அலகுக்கு 170 எலக்ட்ரான் வந்தால் நான்கு டி.எம்.எஃப்-ம் ஒரு நீரும் என்று வைக்கலாம். அது சூடாக்கியபடி எடை பார்க்கும் வெப்ப எடையறிப் பகுப்பாய்வில் காணும் எடையிழப்போடு ஒத்துப்போக வேண்டும். கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் பகுப்பாய்வோடும் ஒத்துப்போக வேண்டும். மூன்றும் ஒன்றையே சொன்னால் எழுதுங்கள்.

அதைவிட முக்கியம் மின்சுமைக் கணக்கு. சட்டகம் எதிர்மின் சுமையோடு நின்றால் அதை ஈடுசெய்யும் நேரயனி எங்கோ இருந்தாக வேண்டும். சூட்டில் டி.எம்.எஃப் நீராற்பகுத்து டைமெத்தில்அமீன் உண்டாகும். அது புரோட்டானை ஏற்றுத் துளைக்குள் ஒளிந்துகொள்ளும். கரைப்பான் என்று நினைத்து அதையும் சேர்த்து மறைத்துவிட்டால், உலோகத்தின் ஆக்சிஜனேற்ற நிலையைத் தவறாக எழுதி, அதன்மேல் காந்தப் பண்பு, வினையூக்கம் என்று முழுக் கட்டுரையையும் கட்டிவிடுவீர்கள்.

படி 7: பொடி அதையே சொல்கிறதா?

கண்டறிந்த கட்டமைப்பிலிருந்து பொடி விளிம்பு விளைவுப் படத்தை (பொடி எக்ஸ் கதிரை எந்தெந்தக் கோணங்களில் சிதறடிக்கும் என்ற படத்தை) கணக்கிட்டு, உண்மையான பொடியின் படத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். காப்பர் கதிரில் எச்.கே.யு.எஸ்.டி-1-ன் முகடுகள் 6.7, 9.5, 11.6 டிகிரியில் வரும். அளவீட்டை 10 டிகிரியில் தொடங்கினால் முக்கியமானவை கைநழுவும். 4 அல்லது 5-லேயே தொடங்குங்கள். 36.4 டிகிரியில் முகடு இருந்தால் காப்பர்(I) ஆக்சைடு, 43.3-ல் இருந்தால் உலோகக் காப்பர்.

சிறு கோண முகடுகளின் உயரம் துளைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும், கவலை வேண்டாம். இடம் மாறினால்தான் யோசிக்க வேண்டும். அதிலும் 100 கெல்வினில் கிடைத்த அலகுக்கூட்டை அறை வெப்பநிலைப் பொடியோடு ஒப்பிட்டால் சிறு நகர்வு இருக்கும். எச்.கே.யு.எஸ்.டி-1, மாஃப்-5 போன்றவை சூடாகும்போது சுருங்குபவை என்பதால் அந்த நகர்வு எதிர்பாராத திசையிலும் இருக்கலாம். கணக்கிட்ட படத்தில் இல்லாத முகடு ஒன்று பொடியில் இருந்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், என்னவென்று தெரியும்வரை வாயு அளவீட்டுக்குப் போகாதீர்கள்.

படி 8: துளைகளைக் காலி செய்தல்

விளைபொருளை முதலில் புதிய டி.எம்.எஃப்-ல் கழுவுங்கள், வினைபுரியாத அமிலம் போகும். பிறகு மெத்தனால் அல்லது டைகுளோரோமீத்தேனில் மூன்று நாள் ஊறவைத்து, நாளுக்கு இரண்டு முறை கரைப்பானை மாற்றுங்கள். டி.எம்.எஃப் கொதிப்பது 153 °செ.-ல். அதை நேராக வெற்றிடத்தில் சூடாக்கி வெளியேற்ற முயன்றால் ஒரு பகுதி உள்ளேயே தங்கும். மென்மையான சட்டகமாக இருந்தால் வெளியேறும் திரவத்தின் பரப்பு இழுவிசையே சுவர்களை உள்வாங்கச் செய்யும். அப்படிப்பட்டவற்றுக்கு மீமாறுநிலைக் கரியமிலவாயு உலர்த்தல் இருக்கிறது, 31 °செ.-க்கும் 74 பாருக்கும் மேலே திரவம், வாயு என்ற பிரிவே இல்லை, ஆகவே பரப்பு இழுவிசையும் இல்லை.

அகச்சிவப்பு நிறமாலையில் 1660 செ.மீ⁻¹-க்கு அருகே உள்ள டி.எம்.எஃப் பட்டையும் 1700 செ.மீ⁻¹-க்கு மேலே உள்ள தனி அமிலப் பட்டையும் மறைந்தனவா என்று பாருங்கள். பிறகு 150 °செ., வெற்றிடம், 12 மணி நேரம். இங்கேதான் எச்.கே.யு.எஸ்.டி-1-ஐத் தேர்ந்ததன் பலன் கண்ணுக்குத் தெரியும். பசுநீலம் படிப்படியாக ஆழ்ந்து கருநீல ஊதாவாகும். காப்பரின் அச்சிலிருந்த நீர் கழன்றுவிட்டது, உலோகம் வாயுவுக்காகத் திறந்து நிற்கிறது என்று அதற்குப் பொருள். குழாயின் மூடியைச் சரியாகப் பொருத்தாமல் தராசுக்கு எடுத்துச் சென்றால், போகும் வழியிலேயே விளிம்பிலிருந்து பசுநீலம் திரும்பிப் பரவுவதைக் காணலாம். அப்படிப் பரவினால் எடை எடுக்காதீர்கள், மறுபடி காலி செய்யுங்கள்.

77 கெல்வின் நைட்ரஜன் அளவீட்டுக்கு, காலி செய்த பின் எடுத்த எடையையே கொடுக்க வேண்டும். பி.இ.டி. பரப்பை (வாயு ஒட்டும் உட்பரப்பை) கணக்கிடும்போது பழைய 0.05 முதல் 0.30 வரையிலான சார்பழுத்த வரம்பை அப்படியே எடுக்கக் கூடாது; நுண்துளைகள் அதற்கு வெகுமுன்பே நிரம்பிவிடும். அந்த வரம்பைத் தேர்வதற்கான ரூக்கரோல் நிபந்தனைகளைப் பின்பற்றி, பி.இ.டி. சமன்பாட்டின் சி மாறிலி நேர்மதிப்பாக இருக்கும் வரம்பைத் தேர்ந்து, எதைத் தேர்ந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். நல்ல எச்.கே.யு.எஸ்.டி-1 கிராமுக்குச் சுமார் 1500 முதல் 1900 சதுர மீட்டர் தரும். 600 வந்தால் துளை அடைபட்டிருக்கிறது, அல்லது சட்டகம் சிதைந்திருக்கிறது. பொடிப் படத்தைத் திரும்ப எடுத்தால் எது என்று தெரியும்.

கூடவே ஓர் எளிய சரிபார்ப்பு. காலி செய்த மாதிரியைக் காற்றில் எரித்தால் மிஞ்சும் காப்பர்(II) ஆக்சைடு 39.5 சதவீதம் இருக்க வேண்டும். அதிகமானால் ஆக்சைடு மாசு அல்லது இணைப்பு மூலக்கூறு குறைவு. குறைந்தால் அமிலமோ கரைப்பானோ உள்ளே சிக்கியிருக்கிறது. தராசும் உலையும் போதும், ஒற்றைப் படிகம் சொன்ன வாய்பாடு மொத்தப் பொடிக்கும் பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம்.

இதையே தொழிலாக எடுத்துக்கொள்பவருக்கு

ராப்சன் 1974-ல் மெல்போர்னில் மாணவர்களுக்காக மரப்பந்துகளில் துளையிடச் செய்தபோதுதான், துளைகளின் திசையே கட்டமைப்பைத் தீர்மானிக்கிறது என்பதைக் கவனித்தார். இன்றும் கையால் மாதிரி செய்து பார்ப்பதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. சமச்சீரையும், ஸ்பேஸ் குரூப்கள் என்ற 230 படிகச் சமச்சீர் வகைகளையும் முதல் ஆறு மாதத்தில், கருவி நேரம் கிடைக்கும் முன்பே படித்துவிடுங்கள். மென்பொருள் பரிந்துரைக்கும் 230-ல் ஒன்றை ஏன் ஏற்கிறோம் என்று சொல்ல முடியாதவர், செம்மையாக்கலில் எந்த முடிவையும் தானாக எடுக்க முடியாது. வெளியான சி.ஐ.எஃப் கோப்புகளைக் கிரிஸ்டலோகிராஃபி ஓப்பன் டேட்டாபேஸிலிருந்து இலவசமாக எடுத்து, மறுபடி செம்மையாக்கிப் பழகலாம். படிகங்கள் சில மைக்ரோமீட்டரிலேயே நின்றுவிட்டால் சின்க்ரோட்ரானும் (மிகச் செறிவான எக்ஸ் கதிர் தரும் துகள் முடுக்கி), ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே நின்றுவிட்டால் எலக்ட்ரான் விளிம்பு விளைவும் உண்டு. இரண்டாவதில் மாதிரி உயர்வெற்றிடத்துக்குள் போவதால் கரைப்பான் வெளியேறிவிடும் என்பதை மறவாதீர்கள்.

சமர்ப்பிக்கும் முன், சி.ஐ.எஃப் கோப்பில் பிழை தேடும் செக்சிஃப் சோதனையை ஓட்டுங்கள். ஏ, பி நிலை எச்சரிக்கைகளைச் சரிசெய்ய முடிந்தால் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் ஏன் என்று கோப்பிலேயே எழுதுங்கள். "படிகத்தின் தரம் குறைவு" என்பது விளக்கம் ஆகாது. 0.95 ஆங்ஸ்ட்ராமுக்கு அப்பால் சிதறல் பதிவாகவில்லை, மூன்று படிகங்களில் முயன்றோம், பதிவு நேரத்தை இவ்வளவுக்குக் கூட்டினோம் என்று எழுதினால் மதிப்பீட்டாளர் மதிப்பார். கோப்பைத் தரவுத்தளத்தில் சேர்த்து எண் வாங்கியபின், மூலப் படங்களையும் அந்தத் தொகுப்பின் மிச்சப் பொடியையும் அதே எண்ணிட்டு எடுத்துவையுங்கள். குப்பி எந்த வகை, மூடி எது, டி.எம்.எஃப் புட்டியை என்று திறந்தது, உப்பின் தொகுதி எண் என்ன என்பதெல்லாம் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். ஓராண்டு கழித்து அதே செய்முறையில் வேறு பொருள் வந்தால், காரணம் பெரும்பாலும் அந்த நான்கு வரிகளில் ஒன்றில் இருக்கும்.